தேஹு ரோட்டுக்கு வந்த டாக்டரம்மா

தேஹு ரோடு,
14-9-2003

அன்பு மகள் பானுவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் தம்பி ஜெபகுமாரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் ஜெர்மனியில் அந்த பிரேமன் ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று வேளாங்கண்ணி நவநாள் ஒன்பது நாளும் உன் பெயரைச் சொல்லித்தான் மெழுகுவர்த்தி ஏற்றினேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன், பாதியில் மூடி வைத்துவிடாதே. தம்பி கம்ப்யூட்டரில் அடித்து அன்றைக்கே அனுப்புகிறேன் என்றான், நான்தான் வேண்டாம் என்றேன், சில சங்கதி நமக்குள்ளேயே இருக்கட்டும். அப்பாவுக்கு ராணுவ டிப்போவில் இன்னும் பதினோரு மாதம் சர்வீஸ் இருக்கிறது, அதற்குள் சர்க்கரையை ஏற்றி வைத்துக்கொண்டு கணபதி பண்டிகைக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த மோதகத்தை எனக்குத் தெரியாமல் தின்கிறார். தம்பிக்குப் போசரி கம்பெனியில் பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டது, ஸிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் ஓரத்தில் தொங்கிக்கொண்டு போகிறான், நீ ஒரு வார்த்தை கண்டித்து எழுது, நான் சொன்னால் சிரிக்கிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் டாக்டரம்மா நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். உனக்கு இதற்குள் அவரே சொல்லியிருப்பார், ஆனாலும் என் வாயால் நீ கேட்கவேண்டும். முதலில் அந்தப் பெயரால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், இத்தனை நாள் சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் உன் கோழிக்கிறுக்கல் தமிழில் ஒரு கடிதம் எழுதினாயே, வாரம் இரண்டு தடவை டாக்டரம்மாவைப் பார்க்கிறேன், அவர் சொல்லாமல் எதுவும் செய்வதில்லை என்று. எனக்குக் குலை நடுங்கிவிட்டது. வாரம் இரண்டு தடவை டாக்டரம்மாவிடம் போகிற அளவுக்கு என் பிள்ளைக்கு என்ன வந்தது, அதுவும் லேடி டாக்டர் என்றால் என்ன கோளாறாக இருக்கும் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அப்பா டிப்போவுக்கு லீவு போட்டுவிட்டு எஸ்.டி.டி. பூத்தில் போய் நின்றார். நீ போனில் விழுந்து விழுந்து சிரித்தாய். அந்த ஊரில் டாக்டர் பட்டத்துக்கு வழிகாட்டுகிறவரை அப்படித்தான் சொல்வார்களாம், அவர்கள் பாஷையில் டாக்டர் போட்டு அம்மா போட்டு ஒரே சொல்லாம், நீ அதை அப்படியே தமிழில் எழுதிவிட்டாயாம். நோய் இல்லை என்ற நிம்மதி எனக்கு ஒரு நிமிஷம்தான் இருந்தது, அடுத்த நிமிஷமே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. ஊசி போடுகிற டாக்டரம்மாவாக இருந்திருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். அம்மா என்றல்லவா சொல்கிறாய்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைப் போனிலும் அவள் புராணம்தான். டாக்டரம்மா தன் கோட்டைக் கொடுத்தார், டாக்டரம்மா பிறந்தநாளுக்குக் கேக் செய்தார், டாக்டரம்மா கப்பலில் கூட்டிப்போனார், அலையில் வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டார். பெற்றவளுக்கு இதைக் கேட்க எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது நினைத்தாயா. நீங்கள் இருவரும் கப்பலில் நிற்கிற போட்டோ அனுப்பினாய், அதை பிரேம் போடும்போது அவள் பக்கத்தை உள்ளே மடித்துவிட்டுத்தான் போட்டேன், ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆனால் உன் தோளில் அவள் போட்டிருந்த கையை மடிக்க முடியவில்லை, மடித்தால் உன் காதும் போய்விடும். அதனால் வருகிறவர்கள் எல்லோரும் யார் கை யார் கை என்று கேட்டார்கள், கூடப் படிக்கிற பெண் என்று சொல்லிவைத்தேன்.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, ஆறாம் தேதி, புனேயில் பாஷாண் பக்கம் மழைக்காற்றைப் பற்றி ஏதோ பெரிய கூட்டமாம், அதற்கு வந்தவர் உன் வீட்டைப் பார்க்கவேண்டும் என்று சொல்ல, தம்பி டாக்ஸியில் கூட்டிவந்தான். தெருவில் கணபதி டோல் மேளம் காதைப் பிளந்தது. வாசலில் வெள்ளைமுடியோடு அந்த அம்மா நின்றபோது எனக்கு வா என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. அப்பாதான் உள்ளேயிருந்து, ஏளா, வந்த மனுஷிய வாசல்ல நிக்கவச்சுட்டு என்னத்த முறைச்சுக்கிட்டு நிக்க, தண்ணி குடு முதல்ல என்று சத்தம் போட்டார். உள்ளே வந்தவர் நேரே அந்த போட்டோவிடம்தான் போனார். குனிந்து பார்த்தார், பிறகு தன் கையை நீட்டி, அதே வாட்ச், அதே மோதிரம், போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் ஆகிவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார், அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாப்பாடு வைத்தேன், நெய்மீன் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே உன் வேலையைப் பற்றிச் சொன்னார், தம்பி தமிழில் சொன்னான். அரபிக்கடலின் அடியில் குழாயை இறக்கிச் சேறு எடுக்கிறீர்களாம், விரல் கனத்துச் சேறு படிய நூற்றுக்கணக்கான வருஷம் ஆகுமாம். அதை நீ சல்லடையில் கழுவி, பூதக்கண்ணாடியில் பார்த்து, ஈரப் பிரஷ்ஷால் மணலைவிடச் சின்னக் கடலுயிர்களின் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து முந்நூறு வரை எண்ணுவாயாம். மழைக்காற்று பலமாக வீசிய காலத்தில் அடியிலிருக்கிற குளிர்ந்த தண்ணீர் சத்தோடு மேலே வரும், கடலில் உயிர்கள் பெருகும், அவை செத்து அடியில் விழும், காற்று ஓய்ந்த காலத்தில் குறையும், ஆகவே எந்த ஓடு எவ்வளவு என்று பார்த்தால் பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தின மழையைக்கூடச் சொல்லிவிடலாம் என்றார். உன் பிள்ளையின் கை மாதிரிப் பொறுமையான கையை நான் பார்த்ததில்லை என்றார். நானா பார்க்காதவள், உனக்கு நெத்திலி ஆயக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே. இவ்வளவையும் நான் இன்னொருத்தி வாயால் கேட்கவேண்டியிருந்தது, ஏனென்றால் நான் கேட்டபோதெல்லாம் நீ சொன்னது, சேத்து வேலைம்மா, உனக்குப் புரியாது என்பதுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. இதுல என்ன பெரிய அதிசயம், மேக்க இருந்து கச்சான் காத்து அடிச்சா தண்ணி சில்லுன்னு மேல வரும், பின்னாலயே சாளை மீனு வரும்னு தூத்துக்குடியில எங்க ஐயா படிக்காமலே சொல்வாகளே என்று சொல்லிவிட்டேன். தம்பி அதைச் சொன்னதும் அந்த அம்மா சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து நோட்டை எடுத்துவிட்டார், கச்சான் என்ற சொல்லைத் தமிழில் எழுதிக்காட்டச் சொன்னார், எந்த மாதம், எத்தனை நாள், தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டுக்கேட்டு எழுதினார். பானு இதை எனக்குச் சொன்னதே இல்லையே என்றார். பானுவுக்கே தெரியாது என்றேன். நீ கேட்டிருக்கவேண்டியதை அரைமணி நேரத்தில் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள், நானும் வாயைத் திறந்து கொடுத்துவிட்டேன். அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் ஒன்று கேட்டார். தம்பி முழித்தான். அம்மா, இவங்க என்னமோ உல்டாவா பேசுறாங்க, பானு இந்தியாவுக்குத் திரும்பி வர்றது உங்களுக்கு ஏன் பிடிக்கலைன்னு கேக்கறாங்க என்றான். கையிலிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே போட்டுவிட்டேன். கோவாவில் உன் படிப்புக்கு ஏற்ற வேலை காலியாக இருக்கிறதாம், விண்ணப்பத்துக்கு இந்த மாதம் முப்பதாம் தேதி கடைசியாம், அவர் ஜூலையிலேயே உனக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதித் தந்துவிட்டாராம், மூன்று தடவை போகச் சொன்னாராம், நீ மட்டும் எங்கம்மா நான் ஜெர்மனியிலேயே இருக்கணும்னு ஆசைப்படுகிறார் என்று சொல்லித் தள்ளிக்கொண்டே வருகிறாயாம். என் மகளைப் பிடிச்சு வச்சிருக்கிறது நீங்கதானேன்னு கேளுடா என்றேன். தம்பி கேட்க மாட்டேன் என்றான், நானே ஹிந்தியில் கேட்டுவிட்டேன். ஹிந்தி அவருக்குப் புரியாவிட்டாலும் என் முகம் புரிந்திருக்கும். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். போன கிறிஸ்துமஸுக்கு நீ என்னிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, டாக்டரம்மா விடமாட்டேங்கறாங்க, இன்னும் ரெண்டு வருஷம் ஆகும் என்று. அதைத் தம்பியை விட்டுச் சொன்னேன். அப்பாதான், ரெண்டு பேரையும் நல்லா ஏய்ச்சிருக்கா உம்மவ என்றார். அந்த அம்மா சிரிக்கப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது, எனக்கு அதுகூட வரவில்லை. அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

போகும்போது உனக்குக் கருவாட்டுப் பொடியும் அவருக்கு ஒரு பொட்டலமும் கொடுத்தேன், உன்னுடையது கொஞ்சம் பெரிது, அவரிடம் சொல்லாதே. பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. இரண்டு வருஷமாக அவளைத் திட்டித்தான் தூங்கப்போனேன், எனக்கு அது ஒரு தைரியமாகவே இருந்தது, என் பிள்ளை வரத்தான் துடிக்கிறது, ஒரு வெள்ளைக்காரி மறிக்கிறாள் என்று. இப்போது திட்ட ஆளில்லை. வராதது நீதான் என்று தெரிந்துபோயிற்று, அந்த எரிச்சலை யார்மேல் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை பானு. உனக்கு அந்த ஊர் பிடித்திருக்கலாம், யாராவது ஒரு பையனை மனதில் வைத்திருக்கலாம், எங்களோடு இருந்தால் மூச்சு முட்டுகிறது என்றுகூட இருக்கலாம். கோவாவிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் புனே என்று உன் மனதைக் கரைக்க நான் எழுதமாட்டேன், எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மூன்று வேளையும் சாப்பிடு, ஈரக்காலோடு நிற்காதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னை நிழலாகக் காப்பாற்றுவாள், அப்பாவின் ஆசீர்வாதமும் தம்பியின் அன்பும். முப்பதாம் தேதிக்குள் கோவாவுக்கு எழுது, அல்லது எனக்கு எழுது. எனக்கு எழுதுவதானால் வர இஷ்டமில்லையம்மா என்று நீயே உன் கையால் எழுது, எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, நான் தாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
ஆ. அந்தோணியம்மாள்