திருப்பி வைத்த படிகம்

ஐப்பசி, வியாழன் இரவு

இன்று துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பேராசிரியரை மறுத்துப் பேசிவிட்டேன்.

நான் வளர்த்த படிகம் ஏடு ஏடாக உரியும். நன்றாகக் குளிர்வித்தால் அதில் காந்தத்தன்மை தலைகாட்டுகிறது. ஒவ்வொரு ஏட்டுக்குள்ளும் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருக்குவதால் வருவது அது என்பது என் கட்சி.

"இல்லம்மா, எங்கயோ இரும்புத் தூசி கலந்திருக்கு. கட்டுரையிலேருந்து எடுத்துடுங்க" என்றார்.

"தூசின்னா எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் ஒரே மாதிரிதானே சார் காட்டணும்? படுக்க வச்சும் நிமித்தி வச்சும் அளந்து பாத்துடுறேன். ஒரே மாதிரி இருந்தா நானே எடுத்துடுறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அளங்க."

மதியம் சாப்பிடாமல் அளந்தேன். காந்தப்புலம் ஏடுகளின் வாக்கில் இருந்தபோது படிகம் பலமாகக் காந்தமானது. குறுக்கே இருந்தபோது ஏறக்குறைய ஒன்றுமில்லை. வரைபடத்தை அவர் மேசையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னொரு படிகத்துலயும் இது வருமா?"

"வரும் சார்."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். காரைக்காலிலிருந்து எங்கள் ஊரான பட்டினம் வரை பஸ்ஸில் நின்றபடி அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். இரண்டாவது படிகம் சிறியது, ஓரத்தில் விரிசல் வேறு.

"வெளக்க அமத்துடி, கண்ணு கெட்டுடும்" என்கிறாள் அம்மா.

நாளைக்கு அளக்கிறேன். வராவிட்டால் அதையும் நானே போய் அவரிடம் சொல்வேன். ஆனால் வரும்.