பொண்டி வீட்டுப் பூட்டு

லா சப்பல், பாரிஸ்
14.01.2019

அன்புள்ள மகள் யசோதினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே சுகம், அந்தக் கனடாப் பனிக்குள் நீயும் மருமகனும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், கடையில் முருங்கைக்காய்க்குச் சண்டை பிடிக்கும்போது மட்டும் வலிப்பதில்லையாம்.

போன கிழமை போனில் உன் பல்கலைக்கழக வேலையைச் சொன்னாய். அங்கே கஞ்சா சட்டப்படி ஆகிவிட்டது, வளர்ப்பதற்கு என்ன விதிகள் வேண்டும் என்று வளர்க்கிறவர்களிடமே கேட்டு எழுதுகிறோம் என்றாய். வீட்டில் நாலு செடி வைக்க விடுங்கள், எல்லாவற்றையும் பெரிய கம்பனிகளுக்குக் கொடுக்காதீர்கள், சோதனை என்று எங்கள் வீட்டுக்குள் வராதீர்கள் என்கிறார்களாம். அம்மா "சிவ சிவா, இதுவும் ஒரு படிப்போ" என்று தலையில் அடித்தாள். மகள், நானும் வளர்த்தவன். அம்மாவுக்கே தெரியாது.

2009 கடைசியில் உணவகத்தில் வேலை போன பிறகு, நான் துப்புரவு வேலைக்குப் போவதாக நீங்கள் நினைத்திருந்தீர்கள். பாரிசுக்கு வெளியே பொண்டியில் வேறொருவன் பெயரில் இருந்த வீட்டின் நிலவறையில் விளக்குக் கட்டிச் செடி வைத்திருந்தேன். தண்ணீர் ஊற்ற அம்புறோஸ் என்றொருவன் அங்கேயே தங்கியிருந்தான், பப்பியே, அதுதான் விசாப் பத்திரம், இல்லாதவன், மனைவி ஞானம்மா இருந்தது ஆர்ஜொந்தெய் என்ற ஊரில். வெளியில் பூட்டுத் தொங்கினால் ஆளில்லாத வீடு என்று நினைப்பார்கள், அது என்னுடைய யோசனை, அவனை உள்ளே விட்டு வெளியில் பூட்டிவிட்டுப் போவேன். அவனும் "பூட்டிப்போட்டுப் போங்கோ அண்ணை, பொலிஸ் வந்தாலும் திரும்பிப் போயிடும்" என்பான். ஒரு தை மாதக் காலை போனபோது கதவிடுக்கால் புகை வந்தது. வயர் எரிந்திருக்கிறது. திறந்தேன், கதவோடு சாய்ந்தபடி இருந்தான், உயிரில்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை. பூட்டைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பூட்டைக் காணாததால், தானே வளர்த்துத் தானே செத்தான் என்று பொலிசார் எழுதி முடித்தார்கள். செத்தவீட்டுக்கும் போனேன். "இவர் இப்பிடிச் செய்வார் எண்டு நான் நினைக்கேல்லை அண்ணை" என்று ஞானம்மா என் கையைப் பிடித்து அழுதாள். அதற்குப் பிறகு சனம் அவள் வாசல் மிதிக்கவில்லை.

அன்றிலிருந்து நான் கதவு பூட்டுவதில்லை. நீ லிசேயில், அந்த உயர்பள்ளியில், படித்த காலத்தில் "பப்பா, லா போர்த்! கதவு!" என்று கத்துவாய், எனக்கு மறதி என்று நினைத்தாய். பூட்டினால் மறுபக்கம் யாரோ தள்ளுவது எனக்குக் கேட்கும். இப்போதும் கேட்கிறது.

அந்த நாளில் என்னைக் கேட்டிருந்தால் நானும் உள்ளே வராதே என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது என் பதிலையும் எழுதிக்கொள். அதிகாரிகள் வரட்டும், செடியை எண்ணுகிறார்களோ இல்லையோ கதவைப் பார்க்கட்டும், உள்ளே நிற்கிறவனால் அதைத் திறக்க முடிகிறதா என்று பார்க்கட்டும்.

இந்த ஞாயிறு அம்மாவிடம் சொல்லிவிட்டு ஆர்ஜொந்தெய் போகிறேன். பூட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதை ஞானம்மாவின் கையில் கொடுக்கப்போகிறேன். அவள் பொலிசுக்குச் சொன்னாலும் சொல்லட்டும். பயமாகத்தான் இருக்கிறது. நீ என்னோடு பேசாமல் விட்டாலும் எனக்குக் கோபமில்லை, அம்மாவோடு மட்டும் பேசு.

பிள்ளையார் உங்கள் இருவரையும் காக்கட்டும். உங்கள் வீட்டு நிலவறைக் கதவு உள்ளிருந்து திறக்குமா என்று இன்றே போய்ப் பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
தவரத்தினம்