ஆமை புகுந்த வீடு

அக்கா, உங்கள் மகள் வீட்டைக் காலி செய்தபோது எனக்குக் கொடுத்த நீல டப்பில் இப்போது ஒரு நட்சத்திர ஆமை இருக்கிறது. நான் போட்ட கீரையைச் சீண்டாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கிறது. எதிர்மனையில் ஜேசிபி புதரை வழித்தபோது வெளியே வந்தது. "அதை மொதல்ல வெளிய போடு" என்று என் மாமியார் கத்துகிறார். உங்கள் குரலைக் கேட்டதுபோல் இருந்தது.

காட்டாங்குளத்தூரில் நாம் அடுத்தடுத்து வீடு கட்டி வந்த புதிதில், உங்கள் வாசலிலும் இப்படி ஒன்று வந்து நின்றதே. "ஏசப்பா!" என்று நீங்கள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்களே, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற உங்களுக்கும் அது வேதவாக்கு. நான் சிரித்தேன், நீங்கள் முறைத்தீர்கள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை உங்களுக்கு. "ஆமைன்னா தண்ணியிலதானே இருக்கும்? பாவம், காய்ஞ்சு கெடக்குது" என்று இதே டப்பை நிரப்பி, அதை உள்ளே போடும்படி என்னிடம் சொன்னீர்கள். அது கல் மாதிரி அடியில் போய்க் கால்களை உதைத்தது. பல்லியைக் கண்டாலே நாற்காலிமேல் ஏறுகிற நீங்கள்தான் முழங்கைவரை கையை விட்டு அதைத் தூக்கினீர்கள்.

வனத்துறைக்கு போன் போட்டேன். அது தரை ஆமை, நீந்தாது என்றார்கள். நல்லது செய்வதாக நினைத்துக் கிணற்றிலும் குளத்திலும் விட்டுக் கொல்கிறார்களாம். அதிர்ஷ்டம் என்று பிடித்து விற்பவர்கள் வேறு. ஆள் வர மறுநாள் ஆகும். தெருவிலோ நாய்கள். நீங்கள் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு அதைத் துண்டில் ஏந்தி, நீங்களே உங்கள் வீட்டுக்குள் கொண்டுபோனீர்கள்.

மறுநாள் அதை அனுப்பிவிட்டு காபி குடிக்கையில் சொன்னீர்கள்: "நமக்கு முன்னாடி இது இங்கதானே இருந்திருக்கும்? ஆமை பூந்து வீடு கெட்டத நான் பார்த்ததில்ல. வீடு பூந்து ஆமை கெட்டதத்தான் பார்க்கறேன்."

அதற்கப்புறம் சுற்றியிருந்த புதரெல்லாம் மனையாகிவிட்டது. இத்தனை வருடத்தில் இன்னொரு ஆமையை நான் பார்க்கவில்லை, இன்றுவரை.

உங்களுக்குப் புற்றுநோய் என்றதும் சொந்தக்காரர்கள் அந்த ஆமையைத்தான் பேசினார்கள். அடக்க ஆராதனை முடிந்து வரும்போதும் அதே பேச்சு. எனக்கு ஆத்திரமாக வந்தது. பிள்ளைகள் படித்து ஆளாகி, பேரன் தவழ்ந்த வீடும் அதுதானே? அதை ஆமையின் பேரில் எழுத யாருமில்லை.

வனத்துறை ஆள் நாளைக் காலை வருகிறாராம். "வீட்டுக்கு ஆகாதும்மா" என்று மாமியார் இன்னும் முணுமுணுக்கிறார். "எங்க அக்கா வீட்ல ஒரு ராத்திரி இருந்துச்சு அத்தை, இங்கயும் இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

குடிக்க ஒரு மூடியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் வைத்திருக்கிறேன். டப்பில் ஊற்றவில்லை, அக்கா.