நாலு பழமும் ஒரு டம்ளரும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கடையைத் திறந்து நிமிர்ந்தால், எதிரே ஆஸ்பத்திரிச் சுவரில் புதிதாக ஒரு பலகை. என் கல்லாவிலிருந்தே வாசிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து. ‘பழத்தைச் சாப்பிடுங்கள். பிழிந்து குடிக்காதீர்கள்.’ பக்கத்தில் ஒரு டம்ளர் படம், அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. அந்த டம்ளர்கூட என் கடை டம்ளர் மாதிரியேதான் இருக்கிறது!

பதினாறு வருஷமாக இதே இடத்தில் ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். ஊசி போட்டு அழுத பிள்ளைக்கும், காய்ச்சல் விட்டு எழுந்த பெரியவருக்கும் இங்கிருந்துதான் போகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்ததில்லை, ஒரு சிட்டிகைச் சர்க்கரை போட்டதில்லை. யார் குடியை நான் கெடுத்தேன்?

விசாரித்தேன். புதிதாக வந்திருக்கும் உணவு ஆலோசகர் செய்த வேலையாம்.

மார்ச் 5, புதன்

அந்த அம்மாளே மதியம் கடைக்கு வந்தார். என்ன துணிச்சல்! ஒரு ஆப்பிள் கேட்டார். வெட்டக் கத்தியை எடுத்தேன். “வேண்டாம், கழுவி முழுசாவே குடுங்க” என்று வாங்கி, மெஷினுக்கு முன்னால் நின்றே கடிக்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஏன் மேடம், பழம்னா நல்லது, அதையே பிழிஞ்சா விஷமா?”

“விஷம்னு நான் சொல்லலையே. வைட்டமின் சி எல்லாம் ஜூஸ்லயும் இருக்கு. பிழிஞ்ச சக்கையை என்ன பண்றீங்க?”

“கூடையில போடுவோம்.”

“நார்ச்சத்து முக்கால்வாசி அந்தக் கூடைக்குத்தான் போகுது. நாரோட போனா இனிப்பு மெதுவா ரத்தத்துல ஏறும். நார் இல்லேன்னா விறுவிறுன்னு ஏறிடும். சரி, ஒரு டம்ளருக்கு எத்தனை ஆரஞ்சு போடுவீங்க?”

“நாலு” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. மற்ற கடைகளில் இரண்டு பழமும் குழாய்த் தண்ணீரும்தான்.

“நாலையும் உரிச்சு ஒரே இருப்புல சாப்பிட முடியுமா உங்களால?”

பதில் சொல்வதற்குள் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். சக்கையாம், நாராம்! இனி இவருக்குப் பெயர் சக்கை மேடம்.

மார்ச் 7, வெள்ளி

சாப்பிட்டே காட்டுகிறேன் என்று இன்று உட்கார்ந்தேன். வாடிக்கையாளர்கள் வேறு சுற்றி நின்று வேடிக்கை. முதல் பழம் ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் தாடை வலித்தது. மூன்றாவதில் பாதி உள்ளே போனதும் வயிறு போதும் என்று சொல்லிவிட்டது. நாலாவதைத் தொடவே இல்லை.

பழம் வழக்கத்தைவிடப் பெரிது. அதுதான் காரணம்.

பிற்பகலில் நாலு பழத்தைப் பிழிந்து குடித்தும் பார்த்தேன். மூச்சு விடுவதற்குள் டம்ளர் காலி. போன இடம் தெரியவில்லை, கொஞ்ச நேரத்தில் பசிக்கவும் செய்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

வழக்கம்போல் கடைசியாகப் பிழிந்ததை பாட்டிலில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கடை ஆரம்பித்த நாளிலிருந்து என் பெண்டாட்டிக்கென்று தனியாக, இருப்பதிலேயே நல்ல பழமாகப் பார்த்துப் பிழிவது. பலகை விவகாரத்தைச் சொன்னேன். சிரித்தாள். நின்றபடியே மடமடவென்று குடித்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். என் பக்கம் நிற்க ஒரு ஆளாவது இருக்கிறாள்.

மார்ச் 14, வெள்ளி

மச்சினன் அந்த ஆஸ்பத்திரியில்தான் ரத்தப் பரிசோதனை செய்கிறான். அக்கா எந்நேரமும் தாகம் தாகம் என்கிறாள், பாதம் மரத்துப் போகிறது என்கிறாள் என்று முந்தாநாள் அவனாகவே கூட்டிப்போய் ரத்தம் எடுத்திருந்தான். இன்று கடைக்கே வந்தான்.

“மாமா, அக்காவுக்குச் சர்க்கரை. கொஞ்சநஞ்சம் இல்ல, நிறையவே இருக்கு.”

“மெஷின் கோளாறா இருக்கும்டா.”

“திரும்பவும் பார்த்துட்டேன் மாமா.”

சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. கூட்டம் நிற்கிறது, பாதி அறுத்த பழம் கையில் இருக்கிறது.

மார்ச் 15, சனி

இவளுக்கா? டீக்குக்கூடச் சர்க்கரை போடாதவளுக்கா? நான் மூட்டை மூட்டையாகப் பழத்தோடு கிடக்கிறேன், எனக்கு ஒன்றும் இல்லை, இவளுக்கு — என்ன நியாயம் இது? இன்று மச்சினனைத் திட்டினேன், பழம் இறக்க வந்தவனைத் திட்டினேன். பயமாக இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

சக்கை மேடத்தின் அறையில் போய் உட்கார வேண்டியதாயிற்று. நானும் இவளும் அடுத்தடுத்த நாற்காலிகளில். காலையில் என்ன, மதியம் என்ன, இரவு என்ன என்று கேட்டார். இவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஜூஸை மட்டும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாளாம்! எனக்குப் பொறுக்கவில்லை.

“சாயங்காலம் ஒரு டம்ளர் ஜூஸ். தினமும். நான்தான் கொண்டு போறேன்” என்றேன். சொல்லிக் காட்டட்டும், நானும் பதிலுக்கு ஒரு பிடி பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். அந்த அம்மாள் சொல்லிக் காட்டவில்லை.

“அது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். இவங்க அம்மாவுக்கும் சர்க்கரை இருந்திருக்கு. ஆனா நாலு பழத்து இனிப்பை ஒரே நேரத்துல, வருஷக்கணக்கா குடிச்சது நல்லது பண்ணலை. இனிமே ஜூஸ் வேண்டாம். ஒரு பழம், மென்னு சாப்பிடட்டும்.” பிறகு இவள் பக்கம் திரும்பி, “ரொம்பப் பிடிக்குமோ? விடறதுக்குக் கஷ்டமா இருக்குமா?” என்று கேட்டார்.

இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எனக்கு ஜூஸே பிடிக்காதுங்க. தித்திப்பு தொண்டையிலயே நிக்கும். அவர் ஆசையா கொண்டு வர்றார். குடிக்கலேன்னா அவர் முகம் சுருங்கிடும்.”

மார்ச் 18, செவ்வாய்

பதினாறு வருஷம்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சுருங்கினா சுருங்கிட்டுப் போகட்டுமே, இது என்ன பெரிய முகம்! அதுக்காக உடம்பைக் கெடுத்துப்பாங்களா யாராவது? நான் என்ன ராட்சசனா?

கேட்டேவிட்டேன். அரிசி களைந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: “சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா? சுவத்துல எழுதினதுக்கே அந்தச் சுவரைப் பார்த்துத் திட்டிட்டு இருந்தீங்க.”

அவளைத் திட்ட முடியவில்லை. என்னை நானே எவ்வளவு நேரம்தான் திட்டிக்கொள்வேன்?

மார்ச் 19, புதன்

வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்குள் நுழைய எனக்கே கூச்சமாக இருந்தது.

மார்ச் 22, சனி

ஒரு ஆரஞ்சு கொண்டு போனேன். உரித்துக் கொடுத்தேன். மேலே ஒட்டியிருந்த வெள்ளை நாரை அவள் ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட, “அதையும் சேர்த்துத்தான் சாப்பிடணுமாம்” என்றேன், சக்கை மேடத்தின் ஆள் மாதிரி! எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஜூஸ் என்றால் நின்றபடி குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். பழம் என்றால் உட்கார வேண்டியிருக்கிறது. ஒரு சுளையை வாயில் போட்டு, மென்று, அடுத்ததை எடுப்பதற்குள் ஏதாவது பேசுகிறாள். மாடிவீட்டுக்காரி பேச்சை நிறுத்திவிட்டதையும், படியேறினால் முட்டி வலிப்பதையும் இன்றுதான் சொன்னாள். எல்லாம் எனக்குப் புதுச் செய்தி. எழுந்து போக மனம் வரவில்லை.

ஏப்ரல் 5, சனி

கடையில் இப்போது நறுக்கிய பழத்தட்டும் உண்டு. ஜூஸை நிறுத்தவில்லை, எப்படி நிறுத்துவேன்? ஆனால் கொடுப்பதற்கு முன் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிறேன். இன்று ஒருவர், “பிழியறதுதானே உங்க வேலை, அதைப் பாருங்க” என்றார். விட்டேனா? மெஷினை நிறுத்திவிட்டு, சக்கைக் கூடையை இழுத்து அவர் காலடியில் வைத்து முழு விளக்கமும் கொடுத்துத்தான் அனுப்பினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று சக்கை மேடம் சிரிக்கிறார். சிரிக்க என்ன இருக்கிறது?

ஏப்ரல் 19, சனி

மச்சினன் மறுபடி ரத்தம் பார்த்தான். மாத்திரையும் நடையும் சாப்பாடுமாகச் சேர்ந்து நன்றாகவே இறங்கியிருக்கிறதாம்.

சாயங்காலம் நல்லதாகப் பார்த்து ஒரு ஆரஞ்சு கொண்டு போனேன். முதல் சுளையை வாயில் போட்டதும் முகம் கோணிவிட்டது அவளுக்கு.

“என்னங்க இது, ஒரே புளிப்பு! எனக்கு வேண்டாம். நாளைக்கு வேற நல்லதாப் பார்த்து வாங்கிட்டு வாங்க.”

வேண்டாமாம்! என்னிடம்! தொட்டுப் பார்த்தே பழம் பொறுக்குகிறவன் நான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, வாய் கொப்பளிக்க எழுந்து போய்விட்டாள்.

மிச்சத்தை நான் தின்றேன். படுபுளிப்பு. நாளைக்கு அந்த மொத்த வியாபாரியை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டுத்தான் மறுவேலை. என் பெண்டாட்டிக்குப் பிடிக்காத பழத்தை என் தலையில் கட்டுவானா அவன்?