பாஸ்போர்ட்டை நனைத்தது யார்

புக்கிட் பெலிம்பிங்,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் சரணுக்கு அம்மா ரமணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் துளசியும் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம், நீ அந்த அயர்லாந்துக் குளிரில் காது மூக்கு உதிராமல் முழுசாக இருக்கக் காளியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறோம். அம்மா இதுவரை சொன்னது இவ்வளவுதான். போன வாரம் குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாங்க, மாவுக்கட்டு போட்டிருக்கு, அதனால் இந்தக் கடிதத்துக்கு வாய் அம்மா, கை நான், உன் தங்கச்சி துளசி. என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே அண்ணே. நாலு மாதமாக என் மெசேஜ் ஒன்றைக்கூட நீ திறக்கவில்லை, அம்மா அனுப்பும் மசாலாத் தூள் பெட்டிக்குள் கடிதமாக வந்தால் திறந்துதானே ஆகணும்.

அப்பா வழக்கம்போல லோரியில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு போறாரு, மழையில் தோட்டத்துப் பாதை சேறாகி ரெண்டு தடவை சக்கரம் புதைஞ்சிடுச்சு. அம்மாவுக்குக் கட்டுக்குள்ளே அரிக்கிறதாம், பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்துவிட்டு வெளியே எடுத்து மோந்து பார்க்கிறாங்க, பக்கத்தில் உட்கார்ந்து நான் எப்படிச் சோறு தின்பது. நீ சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கணுமாம், ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை என்றால் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு நிற்கக் கூடாதாம், நோயாளி வாந்தி எடுத்தால் முகம் சுளிக்கக் கூடாதாம். கடைசி அறிவுரை எனக்கே குமட்டுது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இப்போ அந்த நாளைப் பற்றி எழுது என்கிறாங்க. எந்த நாள் என்றேன். சரண் பிளேன் ஏறுவதற்கு முதல் நாள் போனோமே தண்ணி தீம் பார்க், அது என்கிறாங்க. அதை எதுக்கு இப்போ கிளறணும் என்று எனக்குப் புரியவில்லை, சொன்னபடி எழுதுகிறேன். அது தீம் பார்க் இல்லை அண்ணே, தீமை பார்க். சின்ன வயசில் நாம் அழுது கேட்டும் போகாத இடத்துக்கு ஒரு நாளாவது எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகணும் என்று நீ ஆசைப்பட்டாய், அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை, இடத்தைத்தான் சொல்கிறேன். வாசலிலேயே காவலுக்கு நின்ற ஜாகா நம் புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்து, வெளிச் சாப்பாடு உள்ளே போகாது, கொட்டிவிடுங்கள் என்றான். கொட்டுவதா என்று அம்மா நம்மைக் குப்பைத்தொட்டி பக்கத்திலேயே நிற்க வைத்து எட்டு பேர் சோற்றை நாலு பேர் வாயில் திணிச்சாங்க. ஒரு கையால் ஈயை விரட்டி மறு கையால் முட்டையை விழுங்கினேன், எது முட்டை எது ஈ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். அப்புறம் சுடிதாரோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அம்மாவுக்கு லைக்ரா நீச்சல் உடுப்பு ஒன்றை வாடகைக்குக் கொடுத்தார்கள். யாரோ கழற்றிப் போட்டது, காயக்கூட இல்லை, அக்குளில் இன்னொருத்தியின் பவுடர் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. குளத்தில் பிளாஸ்திரி மிதந்தது, கொத்து முடி மிதந்தது, ஏதோ குழந்தையின் பம்பர்ஸ் மிதந்து வந்து என் தோளைத் தொட்டது. அத்தனையையும் விலக்கிவிட்டு அப்பா கங்கையில் இறங்கினவர் மாதிரி மூன்று முழுக்குப் போட்டு வாயைக் கொப்பளித்துத் துப்பினாரு. என் மேல்.

மிச்சம் உனக்குத் தெரியும். வீட்டில் வைத்தால் திருடன் வருவான் என்று உன் பாஸ்போர்ட்டை அம்மா கைப்பையிலேயே கொண்டுவந்திருந்தாங்க. சாயங்காலம் லாக்கரைத் திறந்தால் அது நனைந்து, பக்கமெல்லாம் ஒட்டி, ஓரத்தில் சிவப்புச் சாயம் இறங்கிக் கிடந்தது. லாக்கர் சாவி என்னிடம் இருந்தது. என் தண்ணீர்த் துப்பாக்கியும் அதே லாக்கரில் இருந்தது. அதுக்கு முந்தின வாரம்தான் பாஸ்போர்ட்டை ஒளித்து அதன் உறைக்குள் பிஸ்கட்டை வைத்து உன்னை அரை மணி நேரம் அலறவிட்டிருந்தேன். அதனால் நீ என்னைப் பார்த்தாய். உன் விளையாட்டுக்கு என் வேலைதான் கிடைச்சுதா என்றாய். துப்பாக்கியைக் காலி செய்துதான் வைத்தேன் என்று நினைவு, ஆனால் சத்தியம் செய்யத் தைரியம் வரவில்லை. மறுநாள் விமான நிலையத்தில் கவுண்டர்ப் பெண் உன் பாஸ்போர்ட்டை ரெண்டு விரலால் செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கினாள், நாலாவது தடவைதான் மெஷின் அதைப் படித்தது. நீ அம்மா அப்பா காலில் விழுந்தாய். எனக்குக் கையைக்கூட ஆட்டவில்லை.

இனி வருவது அம்மா சொல்வது. ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்று கட்டளை.

சரண், அது துளசி இல்லை, நான்தான். பார்க் போறதுக்கு முதல் நாள் கோயில்ல பூசாரி சூலத்துல குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் குங்குமம் தடவிக் கொடுத்தாரு, பிள்ளை பிளேன் ஏறுற வரைக்கும் பாஸ்போர்ட்டோட இருக்கட்டும்னாரு. நான் பாஸ்போர்ட்டுக்கு நடுவுலயே வச்சு ஜிப்பை இழுத்துட்டேன். அப்பாவுக்குத் தெரியாது. லோரி ரோட் டேக்ஸ் சீட்டுல நான் சந்தனம் பூசி நம்பர் மறைஞ்சு போலீஸ் அபராதச் சமன் வந்ததுல இருந்து, உன் பக்தியைக் காகிதத்துல காட்டாதேன்னு சொல்லி வச்சிருந்தாரு. அந்தச் சின்ன லாக்கர்ல செருப்பு பாத்திரம் எல்லாம் போட்டு அவரு தோளால இடிச்சுச் சாத்தினாரு, சூலம் குத்தின ஓட்டை வழியா சாறு பூரா இறங்கிடுச்சு. துண்டு எடுக்கணும்னு துளசிகிட்ட சாவி வாங்கி முதல்ல திறந்தது நான். பழத்தைக் குப்பையில போட்டேன், குங்குமத்தைத் துடைச்சேன், சாவியை அவ கையிலயே கொடுத்துட்டேன். நீ அவளைத் திட்டினப்போ சும்மா நின்னேன். போற பிள்ளைக்குச் சாமி மேல மனசு கசக்கக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பொய். உங்க அப்பாவுக்குப் பயந்தேன். இப்போ ஒரு வாரமா அவதான் என்னைக் குளிப்பாட்டுறா, கழுவி விடுறா. ஒரு வார்த்தை முணுமுணுக்கல. எனக்கு என்னைப் பார்த்தாலே அருவருப்பா இருக்குப்பா.

அண்ணே, இதை நானும் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன். பேனாவை வைத்துவிட்டுப் பின்கட்டில் போய் நின்றேன். அந்தக் குளத்துத் தண்ணீரை விழுங்கியபோதுகூட எனக்கு இப்படிக் குமட்டியதில்லை. நாலு மாதம் நானே என்னைச் சந்தேகப்பட்டேன், ஒவ்வொரு ராத்திரியும் மனசுக்குள்ளே அந்தத் துப்பாக்கியைக் காலி செய்து பார்த்தேன். உள்ளே வந்தபோது அம்மா அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாங்க. படி என்றாங்க. முழுசையும் படித்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாரு. அப்புறம் அம்மாவைப் பார்த்து, “பெத்த பொண்ணு தலையில பழியைக் கொட்டிட்டு நாலு மாசம் எப்படிச் சோறு தின்னே, சீ” என்றாரு. அதையும் எழுது என்று அம்மா சொன்னாங்க, எழுதிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா என்னிடம், என்கிட்ட ஒரு எலுமிச்சம்பழத்தைச் சொல்லக்கூட பயப்படுற மாதிரியா நான் இருந்தேன் என்று கேட்டாரு. ரோட் டேக்ஸுக்கு மூணு நாள் கத்துனீங்கப்பா என்றேன். என் கையெழுத்தில் வரும் எதையும் நீ நம்பமாட்டாய் என்று பேனாவை வாங்கி அவரே கீழே எழுதியிருக்காரு, பார்த்துக்கொள்.

நல்லா இரு, நோய் நொடி இல்லாமல் இரு, பிடித்த வேலையில் நிலைத்து நில் என்று ரெண்டு பேரும் ஆசீர்வாதம் சொல்றாங்க. அம்மாவின் ஞாபகமூட்டல் ஒன்றே ஒன்றுதான். வழக்கம்போல வெள்ளிக்கிழமை போனில் கூப்பிடும்போது அம்மாவைக் கேட்காதே, முதலில் துளசியைக் கேள்.

படிக்கக் கேட்டேன், எல்லாம் உண்மை. அப்பா, சுகுமாறன்.

இடது கையால் கிறுக்கியது, அம்மா, ரமணி.