இரோதா அப்பாவின் எக்ஸ்ரே

தாஷ்கண்ட்
26 ஜூலை 2003

இரோதாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் மூவரின் சுகத்தையும் எழுதி, இங்கே வந்துபோகும் ஹோஷிமின் டாக்சியில் கொடுத்தனுப்பு. சுஸ்த் தொலைபேசி நிலையத்துக்கு மட்டும் போகாதே. அங்கே நாம் பேசுவதை ஊர் நமக்கு முன்பே கேட்டுவிடுகிறது.

சித்தப்பா மகன் ரஹ்மத் வீட்டில் தங்கியிருக்கிறேன். படுக்கை வராந்தாவில். விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு என்னைப் போல் தயாரான ஆள் இந்த நாட்டில் இருக்க மாட்டான். வாயில் அடக்கும் புகையிலையை விட்டுவிட்டேன். காலையில் காரட் சாறு. பிறகு வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுப் பயிற்சி. எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள்.

டாக்டர் வேரா பெத்ரோவ்னா என்கிற ரஷ்யப் பெண்மணி, சிரிக்காத முகம். இரண்டு கையிலும் தடுப்பூசி போட்டார். குடிப்பதுண்டா என்று கேட்டார். கல்யாணங்களில் மட்டும் என்றேன். "மாசத்துக்கு எத்தனை கல்யாணம்?" என்றார். அறுவடைக்கு முன்பா பின்பா என்று கேட்டேன். எதையோ எழுதிக்கொண்டார்.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் ஒன்று வேண்டுமாம். பள்ளிக்காகப் பதினோரு வருடமாக எடுக்கும் படங்களில் என் நெஞ்சில் ஒரு புள்ளி கிடையாது என்று பெருமையாகவே சொன்னேன். அலமாரிக்குப் பின்னால் போன வருடப் படம், என் பெயர் எழுதியது, இருக்கும். ஹோஷிமிடம் கொடுத்தனுப்பு. நீயும் பிள்ளைகளும் செப்டம்பரில் வந்தால் போதும்.

அமெரிக்க விசா லாட்டரிக்கு உன் பெயரிலும் என் பெயரிலும் இரண்டு விண்ணப்பங்களையும் உட்கார்ந்து நிரப்பியது நான். அமெரிக்கா உன்னைத் தேர்ந்தெடுத்தது, என்னை உடன் வருபவன் என்று போட்டது. வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், வரலாற்றில் இப்படிப்பட்ட பிழைகள் சகஜம்.

பிள்ளைகளுக்கு முத்தங்கள்.
துர்குன்


சுஸ்த்
29 ஜூலை 2003

இரோதாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் சேர்ந்தது. நாங்கள் நலம். தோனியோருக்கு முன்பல் விழுந்துவிட்டது, அமெரிக்காவில் புதிதாக முளைக்கும் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறான்.

வீட்டை வாங்கிய முகிம் குடும்பத்தோடு வந்துவிட்டார். செப்டம்பர் வரை கடைசி அறை நமக்கு. அவர் மனைவி ஹனிஃபா நல்ல மாதிரி. தினமும் "எப்பப் பறக்கறீங்க?" என்று அன்பாகக் கேட்கிறாள். வழியனுப்பு விருந்தில் நாம் நால்வரும் கடித்து வைத்த ரொட்டிகள் சமையலறையில் தொங்குகின்றன. திரும்பி வந்து மிச்சத்தைச் சாப்பிடும் வரை கண்ணாகப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். ஆணிகளையும் கண்ணாகப் பார்க்கிறாள். சல்லடை மாட்ட ஆணி போதவில்லையாம்.

செப்டம்பரில் ஊரே பருத்தி பறிக்கப் போய்விடும், பிறகு விருந்துக்கு யார் வருவார்கள் என்று ஜூலையிலேயே விருந்து வைத்தீர்கள். கூட்டத்துக்குக் குறைவில்லை, உண்மைதான். எல்லோரும் அழுதுவிட்டார்கள். அழுத பிறகும் நான் காய்கறி வாங்கப் போகவேண்டியிருக்கிறது.

எக்ஸ்ரே படத்தைச் செய்தித்தாளில் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். அதைக் காட்டித்தான் ஆகவேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். ஏன் என்று தெரியாவிட்டால், வருடந்தோறும் மார்ச்சில் நமன்கானுக்குப் பஸ் ஏறியது யார் என்று நினைத்துப் பாருங்கள்.

இரோதாவின் அம்மா


தாஷ்கண்ட்
3 ஆகஸ்ட் 2003

இரோதாவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படத்தைக் காட்டிய பிறகுதான் பிரித்தேன். முன்பே பிரித்திருக்கலாம்.

வேரா பெத்ரோவ்னா இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். "இது யாரோடது?" என்று கேட்டார். என்னுடையது, பெயர் போட்டிருக்கிறதே என்றேன்.

"இது ஒரு பொம்பளையோட நெஞ்சு. ரொம்ப ஆரோக்கியமான நெஞ்சு. அவங்களை அனுப்புங்க, இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், மறந்தே போயிருந்தேன். வருடா வருடம் சான்றிதழ் வந்தது, சுத்தம் என்று எழுதியிருந்தது. என் நெஞ்சைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

என் சொந்தப் படத்தில் வலது பக்கம் மேலே ஒரு நிழல். காசநோயாக இருக்கலாம், ஆறிப்போன பழைய தழும்பாகவும் இருக்கலாம். மூன்று நாள் காலைச் சளியை எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு எட்டு வாரம். முடிவு அக்டோபரில். லாட்டரி விசாவோ செப்டம்பர் முப்பதோடு காலாவதி. கிருமியை அவசரப்படுத்த முடியாதா என்று கேட்டேன். முடியாதாம். தூதரகத்தையும் அப்படித்தானாம்.

ஆகவே நான் இங்கேயே இருக்கிறேன். ஊருக்குத் திரும்ப முடியாது. என்னை வழியனுப்பி அழுதவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது? ரஹ்மத்தின் மனைவி என் கோப்பையில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறாள். மரியாதைக்காக என்கிறாள்.

நீயும் பிள்ளைகளும் மட்டும் போவதற்குத் தடையில்லை என்றும் டாக்டர் சொன்னார். எனக்குத்தான் முப்பதாம் தேதிக்குப் பிறகு வழி கிடையாது. நீ போய்ச் சேர்ந்து பல வருடம் காத்திருந்து அழைத்தால் உண்டு. எதையும் விடாமல் எழுத வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை.

யாரிடமும் எதையும் சொல்லாதே.
துர்குன்


சுஸ்த்
24 ஆகஸ்ட் 2003

இரோதாவின் அப்பாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இருமல் உண்டா? நீங்கள் கேட்டபடி யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

வழியனுப்பப்பட்டவள் ஊரில் எப்படி வாழ்வது என்பதற்கு வழக்கம் எதுவும் இல்லை. சந்தையில் தர்பூசணிக்காரி என்னைப் பார்த்து, "அன்னைக்கு உன்னைக் கட்டிப் பிடிச்சு அழுதேனே, அது என்ன கணக்கு?" என்று கேட்டாள். விருந்துக்கு மெத்தை விரிப்பைப் பரிசாகக் கொண்டுவந்தவர்கள் என்னைக் கண்டால் விரிப்பின் நலத்தை விசாரிக்கிறார்கள். தலைமையாசிரியர் தெருவில் நிறுத்தி, வேலையைத்தான் விட்டுவிட்டாய், சும்மா இருப்பதற்குப் பருத்திக்கு வரலாமே என்றார். இருட்டிய பிறகுதான் வெளியே போகிறேன். பிள்ளைகளையும் அறையிலேயே வைத்திருக்கிறேன். தோனியோர் ஜன்னலில் உட்கார்ந்து முகிமின் பையன்கள் நம் மல்பெரி மரத்தில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. வேறொன்று நடந்தது. போன வாரம் ஹனிஃபா எனக்குத் தனிக் கோப்பை வைத்தாள். அதிலும் சிவப்பு நூல். நூல் கட்டுவது நாடு முழுவதும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. மறுநாள் இரோதா அழுதுகொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண், "உங்கம்மாவுக்கு நெஞ்சுல ஓட்டையாமே, அதனாலதான் அமெரிக்காக்காரன் விடலையாமே" என்று சொல்லியிருக்கிறாள்.

எனக்கு என்று சொன்னது யார்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

இரோதாவின் அம்மா


தாஷ்கண்ட்
29 ஆகஸ்ட் 2003

இரோதாவின் அம்மாவுக்கு,

சுஸ்த் தொலைபேசி நிலையத்திலிருந்து என் அக்கா இங்கே கூப்பிட்டாள். ஏன் தாமதம் என்று கேட்டாள். ரஹ்மத் பக்கத்தில் நின்றான். அந்த நேரத்தில் வாயில் உன் பெயர் வந்துவிட்டது.

கோபப்படாமல் யோசித்துப் பார். நான் ஆண். ஒருவேளை போக முடியாமல் திரும்பி வந்தால் பள்ளியில் மறுபடி வேலை கேட்க வேண்டும். நெஞ்சில் நிழல் உள்ளவனை வகுப்பில் விடுவார்களா? உனக்கோ நோய் இல்லை என்று உனக்கே தெரியும். இல்லாத நோயால் உனக்கு என்ன நஷ்டம்? அக்டோபரில் முடிவு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும்.

நான் யோசித்து வைத்திருப்பது இது. நம் நால்வருக்குமே விசா வேண்டாம் என்று தூதரகத்துக்கு எழுதிவிடு. உன் பெயரில் வந்ததால் நீதான் எழுத வேண்டும். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிப்போம். அதுவரை அக்கா வீட்டில் இருக்கலாம். விரிப்புகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இனோபத், வராந்தாவில் ஆள் உயரத்துக்குக் கம்பி. எட்டிப் பார்த்தால் கீழே ஒரு முற்றம், அதில் ஒரு குழாய். ஒரு மாதமாக இதைத்தான் பார்க்கிறேன். இருமினால் உள்ளே பேச்சு நின்றுவிடுகிறது. நீங்கள் மூவரும் போய்விட்டால் எனக்காக நிற்க யார் இருக்கிறார்கள்?

துர்குன்


தாஷ்கண்ட்
24 செப்டம்பர் 2003

துர்குன் அவர்களுக்கு,

போன வாரம் நாங்கள் பரிசோதனைக்காக இங்கே வந்தபோது பிள்ளைகள் கீழே முற்றத்தில் நின்றார்கள், நீங்கள் வராந்தாவில் நின்றீர்கள். டாக்டர் பக்கத்தில் விடவேண்டாம் என்றதால் அப்படி. எல்லா வராந்தாக்களிலும் ஆட்கள் இருந்ததால் முலாம்பழத்தின் விலையைப் பற்றியே பேசினோம். சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

நமன்கானில் எக்ஸ்ரே எடுப்பவர் கண்டிப்பானவர். ஒரு பெயருக்கு ஒரு படம் என்பார். ஆளைப் பார்க்க மாட்டார், படம்தான் அவருக்குக் கணக்கு. என் பெயருக்கு ஒன்று, உங்கள் பெயருக்கு ஒன்று, தலைமையாசிரியர் பெயருக்கு ஒன்று. மார்ச்சில் அந்தத் தகடு பனிக்கட்டியாக இருக்கும். தோனியோர் வயிற்றில் இருந்த வருடமும் போனேன். நான் தயங்கியபோது, "ஒரு நொடிதானே" என்றீர்கள். அவன் பிறந்து விரல்களை எண்ணிப் பார்க்கும் வரை நான் தூங்கவில்லை. நீங்கள் மறந்தே போயிருந்தேன் என்று எழுதியதை நம்புகிறேன். மறக்க முடிந்தது உங்களால்.

இங்கே அந்த மருத்துவமனையில் பெயர் கேட்டார்கள். சொன்னேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். முடிந்தது, போகலாம் என்றார்கள். நான் தகட்டில் நெஞ்சை வைத்தபடியே நின்றுகொண்டிருந்தேன். "இன்னும் என்னம்மா?" என்று கேட்டாள் அந்தப் பெண். அடுத்த பெயருக்காக நிற்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வேரா பெத்ரோவ்னாவுக்கு என் நெஞ்சை உடனே அடையாளம் தெரிந்தது. "நீங்கதானா அது?" என்றார். அப்போதுதான் ஒருமுறை சிரித்தார்.

மூன்று விசாக்கள் கிடைத்துவிட்டன. சனிக்கிழமை விமானம்.

சுஸ்தில் நான் எதையும் மறுத்துப் பேசவில்லை. என் நெஞ்சிலுள்ள நிழலை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். நீங்கள் வேலை கேட்கும்போது அது உதவும். உங்களுக்காக நான் நிற்பது இதுதான் கடைசி.

மாத்திரை கொடுத்தால் வேளை தவறாமல் சாப்பிடுங்கள். அதை உங்களுக்குப் பதில் யாரும் சாப்பிட முடியாது. பிள்ளைகளின் கடிதம் உங்களுக்கு வரும், அதை நான் தடுக்க மாட்டேன். உங்களை அழைப்பதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியவில்லை. ரொட்டிகளை உங்கள் அக்கா வீட்டில் கொடுத்திருக்கிறேன். ஹனிஃபா சல்லடைகளை மாட்டிவிட்டாள்.

இனோபத்


சுஸ்த்
12 அக்டோபர் 2003

இனோபத்துக்கு,

முடிவு வந்துவிட்டது. கிருமி எதுவும் வளரவில்லை. சின்ன வயதில் எப்போதோ வந்து, யாருக்கும் தெரியாமல் தானாகவே ஆறிய தழும்பாம். என் பெயரில் என் சொந்த நெஞ்சுக்குக் கிடைத்த முதல் சான்றிதழ். ஆறு மாதம் செல்லுமாம். யாரிடம் காட்டுவது என்று கேட்டேன். வேரா பெத்ரோவ்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊருக்கு வந்தேன். யாரும் கேலி செய்யவில்லை. நோயாளி மனைவியை வைத்தியத்துக்காக அமெரிக்கா அனுப்பிவிட்டு, இடமில்லாமல் தான் மட்டும் திரும்பிய கணவன் என்று பேசிக்கொள்கிறார்கள். சந்தையில் தர்பூசணிக்காரி காசு வாங்க மறுத்தாள். நான் மறுத்துப் பேசத்தான் வாயெடுத்தேன். பழத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தலைமையாசிரியர் அன்றே வேலை கொடுத்தார். "கவலைப்படாதீங்க, அங்க நல்ல டாக்டருங்க இருக்காங்க, சரி பண்ணிடுவாங்க" என்று தோளில் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த மார்ச்சில் நமன்கானுக்கு யார் போவது என்று கேட்டார். நான் போகிறேன் என்றேன். "என் பேருக்கும் சேர்த்துத்தானே?" என்றார். என் படத்தில் நிழல் விழும், அது உங்கள் பெயரிலும் விழும் என்று சொன்னேன். இப்படியாக உண்மையை ஒருவரிடம் சொல்லியாயிற்று. அவர் யாரிடமும் சொல்ல மாட்டார், அவருடைய நெஞ்சும் உன்னுடையதுதானே.

நீ முகவரி எழுதவில்லை. பிள்ளைகளின் கடிதம் வந்தால் உறையின் பின்பக்கத்தைப் பார்த்து இதை அனுப்புகிறேன். அதுவரை அக்கா வீட்டில் ரொட்டிகளுக்குக் கீழே உள்ள மாடத்தில் இருக்கும்.

போனவன் திரும்பி வந்தால் தன் ரொட்டியைத் தானே தின்று தீர்க்க வேண்டும் என்று அக்கா விடவில்லை. கல்லாக இருந்தது. தேநீரில் ஊறவைத்து, நான் கடித்த இடத்திலிருந்தே ஆரம்பித்து, முழுவதையும் தின்றேன். மற்ற மூன்றும் சுவரில் இருக்கின்றன. தோனியோர் கடித்த இடத்தில், பிறகு விழுந்துவிட்ட அந்த முன்பல்லின் தடம் அப்படியே தெரிகிறது.

துர்குன்