ஜெனியிடம் தம்பி கேட்டது

ஆனி மாதம், திங்கட்கிழமை இரவு.

தம்பி ஜோயல் இன்று வீடியோ காலில் பேசினான். வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிக்கும் மார்மன் சபையின் இரண்டு வருஷ ஊழியத்துக்காக அவன் பர்மிங்ஹாம் போய் மூன்று மாதமாகிறது. திங்கட்கிழமை மட்டும்தான் வீட்டோடு பேசலாம். எந்நேரமும் கூடவே இன்னொரு ஊழியக்காரப் பையன் இருக்கவேண்டும் என்பது அவர்கள் சட்டம். அந்த அமெரிக்கப் பையன் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். தமிழ் தெரியாதவன், அவனால் தொந்தரவில்லை. இந்தப் பக்கம்தான் அம்மா இருந்தாள். மகன் மிஷனரி என்று தென்காசி முழுக்கச் சொல்லி வைத்திருப்பவள்.

என் மடியில் இருந்த மகளைப் பார்த்து ஜோயல் சொன்னான்: "ஏட்டி ஜெனி, இங்கன ஒருத்தரும் கதவத் தொறக்க மாட்டுக்காவ. மாமாவுக்கு ராத்திரி தூக்கமே வரலட்டி. ஊருக்கு வந்துரட்டா?"

"கைப்பிள்ளைகிட்ட என்னத்தலே கேக்கே? குத்தாலத்துல தண்ணி விழுதுன்னதும் ஆசை வந்துட்டோ?" என்று அம்மா சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் ஜெனியின் கையைப் பிடித்து ஆட்டி, "வாங்க மாமான்னு சொல்லுட்டி" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். பிறகு ஜெபம் பண்ணிவிட்டு போனை வைத்துவிட்டான்.

நான் சொன்னதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ. அடுத்த திங்கள் வரை கேட்க வழியில்லை. அவன் பாதியிலேயே வந்து நின்றால் அம்மா எப்படித் தாங்குவாள்...

சாரல் விட்டபாடில்லை. நாளைக்கு மாடியில் அவன் அறையைக் கூட்டி, மெத்தையை உதறிப் போடவேண்டும். அம்மா கேட்டால், ஜெனி பகலில் தூங்குவதற்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.